புரட்டாசி விரால்

எங்கள் வீட்டுக் குளியலறைத் தொட்டியில் பெருமாள் வந்து தங்கியிருக்கிறார் என்று எட்டு வயதில் நான் முழு மனதோடு நம்பினேன். சிரிக்கிறவர்கள் இங்கேயே கொஞ்சம் சிரித்துக்கொள்ளலாம். முழுவதையும் இப்போதே செலவழித்துவிட வேண்டாம், பின்னாலும் தேவைப்படும்.

பெருமாளைப் பிடித்து வந்தவர் என் மாமா. தவளையைத் தூண்டிலில் கோத்துப் பிடித்தார்.

மாமா அம்மாவின் தம்பி. கடலுக்கு அக்கரையில் செபராங் ஜெயாவில் அறை எடுத்துத் தங்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். ஆறு நாள் இயந்திரத்தின் முன்னால் நிற்பார், ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஓர் ஆற்றின் முன்னால் நிற்பார். பெண் பார்க்கக் கூட்டிப்போனாலும், அந்த வீட்டுக்குப் பின்னால் கால்வாய் ஓடுகிறதா என்று எட்டிப் பார்க்கிற ரகம்.

அந்த வருடம் அம்மா பிள்ளைத்தாய்ச்சி. பிள்ளை வயிற்றுக்குள் குறுக்கே கிடந்ததால் ஆபரேஷன் செய்துதான் எடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி, ஐப்பசி முதல் வாரத்தில் தேதியும் கொடுத்திருந்தார்கள். கத்தி பட்ட உடம்புக்கு விரால் சூப் கொடுத்தால் தையல் சீக்கிரம் கூடிவிடும் என்பது பினாங்கில் தமிழர், மலாய்க்காரர், சீனர் மூவரும் சண்டை போடாமல் ஒப்புக்கொள்கிற விஷயம். இப்போது அதன் சாற்றைக் குப்பியில் அடைத்து மருந்துக்கடையிலேயே விற்கிறார்கள். அன்றைக்கு அது ஆற்றில்தான் கிடந்தது.

அம்மாவுக்கு விரால் வேண்டும். ஆனால் நடப்பதோ புரட்டாசி. துறைமுகத்தில் வேலை பார்த்த என் அப்பா, மற்ற மாதங்களில் மீன்தலை இல்லாவிட்டால் சோற்றைப் பிசையவே மாட்டார். புரட்டாசி பிறந்துவிட்டால் நெற்றியில் நாமம் ஏறிவிடும். முட்டை சேர்த்த கேக்கைக்கூட ஏதோ பிணத்தைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். மீன் பொரிக்கிற சட்டியைச் சாக்கில் சுற்றிப் பரண்மேல் ஏற்றிவிடுவார்.

"ஐப்பசியில ஆத்துத் தண்ணி ஏறிடும்கா. அப்புறம் விரால் மாட்டாது. பசார்ல விக்கிறது கொளத்து மீனு, அது மருந்தாவாதுலா" என்று மாமா அம்மாவிடம் குசுகுசுத்தார். அடுத்த ஞாயிறே கிளம்பினார். மூங்கில் தூண்டிலுக்குத் துணையாக என்னையும் பின்னால் உட்காரவைத்துக்கொண்டார்.

மோட்டார் சைக்கிளோடு ஃபெரி ஏறிக் கடல் தாண்டி, சுங்கை பாக்காப் என்கிற ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். எண்ணெய்க்காக வளர்க்கிற செம்பனைத் தோட்டத்தை ஒட்டி ஓர் ஆறு. ஆறு என்று மாமாதான் சொன்னார். எனக்கு அது தேத்தண்ணி நிறத்தில் ஓடுகிற பெரிய சாக்கடையாகத்தான் தெரிந்தது. மாமா செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனை மாதிரி நடந்தார். நான் யானை மாதிரி நடந்தேன்.

"வாயத் தொறந்தேன்னா மீன் ஓடிரும்."

"மாமா, கொசு..."

"கொசுவ மெதுவா அடி."

கொஞ்ச நேரத்தில் மாமா என் தலையைப் பிடித்து ஒரு பக்கமாகத் திருப்பினார். தண்ணீர் மேல் யாரோ மிளகாய்த்தூளைக் கொட்டியதுபோல் ஒரு சிவப்புத் திட்டு. அது நகர்ந்தது.

"விரால் குஞ்சுங்க. கீழ பெருசு காவலுக்கு நிக்கும். அது பசிக்குக் கடிக்காதுடா. பிள்ளைங்க கிட்ட எவன் வந்தாலும் கோவத்துல கடிக்கும்."

தவளையை அந்தச் சிவப்புக்கு நடுவில் தத்தவிட்டார். ஒரு தத்து. இரண்டாவது தத்து. ஆற்றுக்குள்ளிருந்து யாரோ கதவை அறைந்து சாத்தியதுபோல் ஒரு சத்தம், தூண்டில் வில்லாக வளைந்தது. வீரன் என்றால் அந்நேரம் மாமாவுக்குக் கைகொடுத்திருப்பான். நான் "அம்மா!" என்று கத்திக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடி, முழங்கால்வரை சேற்றில் சொருகிக்கொண்டேன். மாமா முதலில் மீனை இழுத்துக் கரையில் போட்டார், பிறகு என்னை இழுத்துக் கரையில் போட்டார். மீன் என்னைவிடக் கண்ணியமாக நடந்துகொண்டது என்று பிற்பாடு வீட்டில் சொன்னார்.

மீன் என் கை நீளம் இருந்தது. கறுத்த முதுகு, பாம்புத் தலை. தூண்டிலில் புரண்டபோது கல்லில் உரசி, மூக்குக்கு மேலே வெள்ளையாகச் சிராய்த்திருந்தது.

வாளியில் தண்ணீர் மொண்டு மீனை விட்ட பிறகு ஆற்றைத் திரும்பிப் பார்த்தேன். சிவப்புத் திட்டு அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது.

"இனிமே அதுங்கள யாரு மாமா பாத்துக்குவா?"

"இன்னொன்னு இருக்கும்டா. ரெண்டும் சேந்துதான் காவல். ஒன்னு போயிட்டா இன்னொன்னு பாத்துக்கும்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். கொசு கடித்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டு வாசலில் அப்பா நாமத்தோடு நின்றிருந்தார். வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்னடா இது?"

"மருந்து அத்தான்."

"மருந்துக்கு வால் இருக்குமா?"

"அக்காவுக்குத்தான். உசுரோட இருக்கறவரைக்கும் அதுவும் சைவம்தானலா?"

அப்பா வாளியிலிருந்து நிமிர்வதற்குள் உள்ளேயிருந்து அம்மா, "இருந்துட்டுப் போவட்டுங்க. தண்ணியிலதான கெடக்கப் போவுது" என்றாள். அம்மாவின் வயிற்றை ஒருமுறை பார்த்துவிட்டு அப்பா வழிவிட்டார். "புரட்டாசி முடியற வரைக்கும் இந்த வீட்டுல கத்தி படக்கூடாது. சொல்லிட்டேன்."

அப்படித்தான் மீன் குளியலறைக்குக் குடிவந்தது. என் நெஞ்சுயரத்துக்குச் சிமெண்டுத் தொட்டி. குதித்துவிடாமலிருக்க மேலே ஒரு பலகை, பலகை மேல் அம்மிக்குழவி. நாங்கள் வெளிக்குழாயில் குளித்துக்கொண்டோம்.

கோயிலில் சனிக்கிழமை சமய வகுப்பு நடக்கும். அந்த வாரம் பார்த்து, வகுப்பெடுக்கிற அக்கா மச்சாவதாரக் கதையைச் சொன்னார். ராஜாவின் கையில் ஒரு குட்டி மீன் வருகிறது. செம்பில் விட்டால் செம்பளவு வளர்கிறது, தொட்டியில் விட்டால் தொட்டியளவு வளர்கிறது. கடைசியில் கடலுக்குப் போகிறது. பிறகு பிரளயம். உலகமே முழுக, ராஜா ஒரு படகில் எல்லா வித்துகளையும் ஏழு ரிஷிகளையும் ஏற்றிக்கொள்ள, மீனின் கொம்பில் படகைக் கட்டிப் பெருமாள் இழுத்துப் போகிறார்.

வகுப்பு எப்போது விடும் என்று காத்திருந்தேன். வீட்டுக்கு ஓடிப் பலகையின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். மூக்குக்கு மேலே வெள்ளைச் சிராய்ப்பு. அது சிராய்ப்பா? நாமம்! சோற்றைப் போட்டேன், தொடவில்லை. விரதம்! கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை மேலே வந்து 'களுக்' என்று வாயைத் திறந்து மூடியது. காற்றுக் குடிக்கிற மீன் அது என்று இன்று எனக்குத் தெரியும், அன்று அது மந்திரம் சொல்வதாகப் பட்டது. தினமும் சாண் போட்டு அளந்தும் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் வளர்ந்திருந்தது. அலைகிற தண்ணீருக்குள் இருப்பதை நடுங்குகிற விரலால் அளந்தால் எதுவும் வளரும்.

இப்போது என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஐப்பசியில் பெருமாளைச் சூப் வைத்தால் பிரளயம் நிச்சயம். வைக்காவிட்டால் அம்மாவின் தையல் கூடாது. உலகமா, அம்மாவா? எட்டு வயதில் யாருக்கும் இப்படியொரு நெருக்கடி வரக்கூடாது. தாங்க முடியாமல் அம்மாவிடமே போய்ச் சொன்னேன்.

அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "சாமின்னா நல்லதாப் போச்சு. எனக்கு என்ன வேணும்னு அதுக்கே தெரியும். அப்பா கிட்ட சொல்லிடாத, அப்புறம் தொட்டிக்கு மாலை போட்டுருவாரு" என்றாள்.

நான் மட்டும் தினமும் இடுக்கில் வாயை வைத்துப் பேரம் பேசினேன். 'பெருமாளே, நீங்க கடலுக்குப் போயிடுங்க. ஆனா அம்மாவுக்கு ஒன்னும் ஆவக்கூடாது.'

புரட்டாசி முடிய இன்னும் சில நாள் இருக்கும்போது அந்த மழை வந்தது. பள்ளி விட்டு வந்து சோற்றுத்தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அடுப்படியில் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்பா வேலையில் இருந்தார். நான் போட்ட கத்தலில் பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்தார். தமிழ் முஸ்லிம்; கணவர் சோறும் குழம்பும் விற்கிற நாசி கண்டார் கடை வைத்திருந்தார். அவருடைய கடை வேனில்தான் அம்மாவை ஏற்றினார்கள். வேன் கதவைச் சாத்துவதற்கு முன் அம்மா என்னைக் கூப்பிட்டு, "அக்கா வீட்ல இரு. தொட்டியத் தொறக்காத" என்றாள். அவள் புடவையில் ஒரு பக்கம் நனைந்திருந்தது. மழைதான் என்று நினைத்தேன்.

சுங்கை பினாங்கு ஆற்றில் தண்ணீர் ஏறினால் எங்கள் சந்துக்குத் தண்ணீர் வரும். அன்றைக்கு வாசலைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, என் முழங்காலுக்கு வந்தது. அக்கா அவர் வீட்டில் அரிசி மூட்டையைத் தூக்கி மேசைமேல் வைத்துக்கொண்டிருந்தபோது நான் நழுவி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டேன். எனக்கு இருந்தது உலக உயிர்களைக் காப்பாற்றுகிற வேலை.

துணி துவைக்கிற பெரிய பிளாஸ்டிக் தொட்டிதான் படகு. வித்துகளுக்கு அம்மாவின் அஞ்சறைப் பெட்டி: கடுகு, சீரகம், வெந்தயம். உயிரினங்களுக்கு அக்கா வீட்டுப் பூனை, அதன் சம்மதமில்லாமல். ஏழு ரிஷிகளுக்கு எங்கே போவது? பள்ளி வகுப்புப் புகைப்படத்தை எடுத்துக்கொண்டேன், அதில் ஒரு வாத்தியாருக்குத் தாடி இருந்தது. கொடிக்கயிற்றின் ஒரு முனையைப் படகில் கட்டி மறுமுனையைக் கையில் பிடித்துக்கொண்டு, குளியலறை வாசலில் படகுக்குள் உட்கார்ந்து, மீனுக்குக் கொம்பு முளைக்கக் காத்திருந்தேன்.

பூனை கத்தியது. நானும் கத்தினேன். பூனைக்காவது காரணம் இருந்தது.

அக்கா புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு வந்து நின்றார். "அல்லாவே! சட்டிக்குள்ள என்ன வாப்பா பண்றே?"

"பிரளயம்கா! ஏறிக்குங்க!"

"பெரளயமும் இல்ல ஒன்னுமில்ல, சாக்கடை அடச்சிக்கிச்சு. எறங்கு." பூனையை ஒரு கையிலும் என்னை ஒரு கையிலும் தூக்கிப் போனார். அம்மாவைக் காப்பாற்றச் சொல்லித் தொட்டியைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே போனேன்.

மறுநாள் தண்ணீர் வடிந்துவிட்டது. தங்கை பிறந்திருக்கிறாள் என்றார்கள். வீடெல்லாம் சேறு என்று என்னை அக்கா வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். அதற்கடுத்த நாள் காலையில் அப்பா வந்து போனதாகச் சொன்னார்கள், நான் தூங்கியிருந்தேன். எழுந்தபோது அக்கா வீட்டு அடுப்படியில் மிளகும் இஞ்சியும் இடித்த வாசனை. என்ன என்றேன். ரசம் என்றார்.

அன்று மாலைதான் எங்கள் வீட்டுக்குப் போனேன். தொட்டியில் மீன் இல்லை. பலகை சுவரில் சாய்ந்திருந்தது, குழவி பத்திரமாகத் தரையில் இருந்தது.

"வெள்ளத்துல போயிடுச்சுடா" என்றார் அப்பா. "கடலுக்குத்தான் போயிருக்கும்."

முழங்காலளவு வெள்ளம் நெஞ்சுயரத் தொட்டிக்குள் எப்படி ஏறியது என்று நான் கேட்கவில்லை. கடலுக்குப் போகிறவருக்குக் குழவியை நகர்த்தத் தெரியாதா? பேரம் படிந்துவிட்ட நிம்மதியில், சமய வகுப்பில் எழுந்து நின்று எல்லோருக்கும் சொன்னேன். யாரும் நம்பவில்லை. எல்லா அவதாரங்களுக்கும் நேர்வது அதுதான் என்று தேற்றிக்கொண்டேன்.

அம்மா வீட்டுக்கு வர வெகுநாள் ஆனது. தையல் நன்றாகக் கூடியிருந்தது. அந்தப் புரட்டாசியின் மிச்ச நாட்களில் அப்பா நாமம் இட்டுக்கொள்ளவில்லை. பெருமாளே ஊரில் இல்லாதபோது யாருக்காக இடுவது என்று அதற்கும் நானே விளக்கம் வைத்திருந்தேன்.

உண்மையை எனக்குச் சொன்னவர் அந்த அக்காதான், என் தங்கையின் கல்யாணத்தில், பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து. என் பிரளயக் கதையைச் சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தேன். அக்கா மட்டும் சிரிக்காமல் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

அன்று அம்மாவுக்கு ரத்தம் நிற்கவில்லை. பிழைப்பது கஷ்டம் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தார்கள். இரண்டாம் நாள்தான் கண் திறந்தாள். இனி நீராகாரம் ஏதாவது கொடுக்கலாம் என்று நர்ஸ் சொன்னதும், அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்து, தொட்டியிலிருந்து மீனைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுப் பின்வாசலில் நின்றிருக்கிறார். "நான் அறுக்கிறேன், நீங்க வெரதம்" என்று அக்கா சொல்லியிருக்கிறார். அப்பா கத்தியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். சூப் கொதித்ததும் உப்பையாவது நான் பார்க்கிறேன் என்று அக்கா கரண்டியை நீட்டியபோது, "அவளுக்கு எவ்வளவு வேணும்னு எனக்குத்தான் தெரியும்" என்றாராம்.

மீன் கடலுக்குப் போகவில்லை. அதைப் பிடித்தது மாமா. அறுத்தது அப்பா. நாக்கில் விட்டு உப்புப் பார்த்ததும் அப்பாதான்.