நூல் கடிக்காத பல்

எங்கள் மிஷன் தையல் கூடத்தில் கத்தரிக்கோல் ஒன்றுதான். அது கூடத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரைசானியம்மாவின் மேசையில் இருக்கும். முன்பு யாரோ ஒருத்தி நூலோடு சேர்த்து மேசைவிரிப்பையும் கத்தரித்துவிட்டாளாம். அன்றிலிருந்து அந்தச் சட்டம். மடியில் விரித்த துணியைச் சுருட்டி வைத்துவிட்டு, ஓர் இழைக்காக யார் எழுந்து போவார்கள்? இருபது பேரும் பல்லால்தான் கடித்து அறுத்தோம். நாகர்கோவில் பக்கத்துப் பூத்தையல்காரியை அவள் சிரிப்பிலேயே கண்டுபிடித்துவிடலாம். முன்பல் நுனியில் நூல் அராவிய சிறு பள்ளம் இருக்கும்.

முப்பதுகளின் தொடக்கத்தில், எனக்குப் பதினேழு வயதிருக்கும்போது, என் முன்பல் ஒன்று கறுத்துச் சீழ் வைத்தது. சின்ன வயதில் குளத்துப் படியில் விழுந்து அடிபட்ட பல். பிடுங்கிப் போடு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். முன்பல் இல்லாத பெண்ணை எவன் கட்டுவான் என்று பயந்த அப்பா, திருவனந்தபுரத்தில் சீமைப் படிப்புப் படித்த பல் டாக்டரிடம் பஸ்ஸில் கூட்டிப் போனார். நாலு தடவை போனோம். டாக்டர் செத்த நரம்பை எடுத்து, வேருக்குள் மருந்து வைத்து அடைத்தார். சீழ் அடங்கியபின் கறுத்த மேல்பகுதியை வெட்டிவிட்டு, வேருக்குள் ஒரு பொன் கம்பியை நட்டு, அதன்மேல் பீங்கான் பல்லைப் பொருத்தினார். கண்ணாடியைப் பார்த்து நான் அழுதேவிட்டேன்.

டாக்டர் அதற்கு அடுத்த பல்லில் இருந்த பள்ளத்தைத் தடவிப் பார்த்தார்.

"தையல் வேலையா? இனி நூலக் கடிக்கப்படாது. வேர் பிளந்தா, பின்னே என்னால ஒண்ணும் செய்ய ஒக்காது."

தலையாட்டிவிட்டேன். ஆனால் தினமும் கத்தரிக்கோல் கேட்டால், ஏன் என்று இருபது வாயும் கேட்கும். பொய்ப்பல்லுக்காரி என்ற பெயர் ஞாயிற்றுக்கிழமைக்குள் கோயில் முழுக்கப் பரவிவிடும். அப்புறம் எனக்கு ஏது கல்யாணம்? பக்கத்தில் உட்கார்ந்து தைக்கும் என் சிநேகிதியிடம் மட்டும் சொன்னேன்.

கூடத்துக்குத் திரும்பப் போன முதல் நாள், ஒரு பூ முடிந்ததும் பழக்கதோஷத்தில் நூலை வாய்க்குக் கொண்டுபோனேன். அவள் வெடுக்கென்று பிடுங்கினாள்.

"ஏட்டி, டாக்டரு சொன்னது மறந்து போச்சா? இங்க தா."

என் பக்கம் சாய்ந்து கடித்து அறுத்தாள். அன்றிலிருந்து நூல் முடிந்தால் முழங்கையால் இடிப்பேன், அவள் சாய்வாள். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது தடவை. சண்டை போட்டு ஒரு வாரம் நாங்கள் பேசாமல் இருந்தபோதும், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே சாய்ந்து கடித்துவிட்டுப் போனாள். அந்த வாரம் அவளைவிட எனக்குத்தான் வெட்கம்.

எந்நேரமும் என்ன ரகசியம் என்று துரைசானியம்மா ஒருநாள் அவளை வேறு பெஞ்சுக்கு மாற்றினார். நான் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, அறுக்காத நூலோடு விழித்தபடி இருந்தேன். அரைமணி நேரத்தில் அவள் திரும்பி வந்துவிட்டாள். அங்கே வெளிச்சம் போதவில்லை, கண் வலிக்கிறது என்று சொன்னாளாம். அவள் கண்ணுக்கு ஒரு கேடும் கிடையாது.

நாலு வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம். அன்று காலையில் சிநேகிதிதான் ஜன்னலோரம் என்னை உட்கார வைத்துத் தலையில் நெட்டு, அதுதான் மணப்பெண்ணின் வலை முக்காடு, குத்திக்கொண்டிருந்தாள். நான் என்னவோ சொல்ல, பலமாகச் சிரித்தாள். வெளிச்சம் நேராக அவள் வாயில் விழுந்தது. எங்கள் எல்லோருக்கும் பள்ளம் ஒன்றுதான். அவளுக்கு இரண்டு இருந்தன. நடுப்பல்லில் ஒன்று, கூடத்தில் நான் உட்காரும் பக்கமாக இருந்த பல்லில் இன்னொன்று, அதைவிட ஆழமாக.

"இது என்னட்டி?" என்றேன்.

"நடுவுல உள்ளது என் நூலு. மத்தது ஒன் பக்கம் சாஞ்சி கடிச்சது. தலைய ஆட்டாத."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கண் வீங்கினால் மாப்பிள்ளை பயந்துவிடுவான் என்று திட்டினாள்.

அந்தப் பீங்கான் பல் இன்றும் என் வாயில் இருக்கிறது. அதில் ஒரு கீறல்கூட இல்லை.