தெரியாது என்றொரு பெட்டி

1. முதல் நாள்

மான்ட்ரியாலில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு புத்தகத்தைக் கீழே போட்டேன். கனமான புத்தகம், அட்டை ஒரு பக்கம், தாள்கள் ஒரு பக்கம் விழுந்தன. பதறிப்போய் எடுத்து, பழக்கதோஷத்தில் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். நிமிர்ந்தால் எதிரே மிஸஸ் சில்பர் நிற்கிறார். நூலகத்தின் தலைமைப் பொறுப்பு அவருடையது. நாற்பது வயதிருக்கும். கண்ணாடி எப்போதும் தலைமேல்தான்.

"புஸ்தகம் விழுந்தா நாங்க முத்தம் கொடுப்போம். நீங்க கண்ணுல வச்சுக்கிறீங்க. பரவாயில்ல. இனிமே ரெண்டு கையாலயும் பிடிங்க" என்றார். வேலை தப்பியது.

அது ஒரு யிட்டிஷ் நூலகம். கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் வீட்டிலும் கடைத்தெருவிலும் பேசிய மொழி யிட்டிஷ். ஹீப்ரு அவர்களுக்கு வழிபாட்டு மொழி. இரண்டுக்கும் எழுத்து ஒன்றுதான். வலமிருந்து இடமாகப் போகும். யிட்டிஷ் பேசியவர்களில் லட்சக்கணக்கானோர் இரண்டாம் உலகப் போரில் நாஜிகளால் கொல்லப்பட்டார்கள். தப்பியவர்கள் பலர் இந்த ஊருக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவர் இறந்தால், ஆங்கிலம் மட்டுமே படிக்கத் தெரிந்த பிள்ளைகள் எங்களுக்கு போன் செய்வார்கள்: "அப்பாவோட புக்ஸ் இருக்கு. மாசக் கடைசிக்குள்ள அபார்ட்மென்ட் காலி பண்ணணும். எடுத்துக்கிறீங்களா?" போய் எடுத்து வருவோம். துடைத்து, பிரித்து, ரெஜிஸ்டரில் ஏற்றி, கார்டு எழுதி ஷெல்ஃபில் வைப்பது என் வேலை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவுக்குச் செங்கல் சூளையில் வேலை. எட்டு வயதிலிருந்தே தெருவில் யாருக்குத் தபால் வந்தாலும் நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். 'எனக்குப் படிக்கத் தெரியாது' என்று சொல்லவேண்டிய நிலைமை அதுவரை எனக்கு வந்ததே கிடையாது. இந்த நூலகத்தில் வந்தது. என்னால் தாங்க முடியவில்லை. குழந்தைகளுக்கான அரிச்சுவடி ஒன்றை எடுத்துப் போய், இரண்டே மாதத்தில் அச்செழுத்து முழுவதையும் மனப்பாடம் செய்தேன். பொருள் பாதிகூடப் புரியாது. ஆனாலும் "இப்ப நான் படிப்பேன்" என்று எல்லாரிடமும் சொல்லிவைத்தேன்.

2. இரண்டு பெட்டிகள்

பிரிக்கும் மேஜைக்குக் கீழே இரண்டு அட்டைப்பெட்டிகள் இருக்கும். ஒன்று ஷெல்ஃபுக்குப் போவது. இன்னொன்று மயானத்துக்குப் போவது. கிழிந்த ஜெபப் புத்தகங்களையும் கடவுள் பெயர் உள்ள தாள்களையும் அவர்கள் குப்பையில் போடமாட்டார்கள். மனிதரைப் போலவே மண்ணில் புதைப்பார்கள். குளிர்காலத்தில் மண் கல்லாகிவிடும் என்பதால் வசந்தம் வரை சேர்த்துவைப்பார்கள்.

கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த கணேசனிடம் இதைச் சொன்னேன். அவன் சென்னைக்காரன், இன்ஜினியர்.

"புஸ்தகத்துக்குச் சுடுகாடாடா?"

"சுட மாட்டாங்க. புதைப்பாங்க."

"நம்ம ஆளுங்க ஆத்துல விடுவாங்க, இவங்க மண்ணுல விடுறாங்க. நல்லாத்தான் இருக்கு. நீ எது உசிரோட இருக்கு, எது செத்துதுன்னு பார்த்து அனுப்பு."

அவன் கேலியாகச் சொன்னது பலித்துவிட்டது.

அந்த மார்ச் மாதம் மிஸஸ் ப்ளூமா என்ற அம்மையாரின் கணவர் இறந்து, ஆறு பெட்டிப் புத்தகங்கள் வந்தன. ஐந்தாவது பெட்டியில் ஒரு கையெழுத்து நோட்டு. கறுப்பு ஆயில்துணி அட்டை, ஒரு மூலையை எலி கடித்திருந்தது. நான் கற்றது அச்செழுத்து. அவர்களுடைய கையெழுத்து வேறு வடிவம், எனக்கு ஒன்றும் ஓடவில்லை. ஆனால் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் இரண்டு எழுத்துகள் மட்டும் அச்சுப்போல நிறுத்தி எழுதப்பட்டிருந்தன. அவற்றுக்கு என்ன பொருள் என்று யூத ஜெபக்கூடத்தில் வேலை பார்க்கும் லேசர் என்பவரிடம் முன்பே கேட்டிருக்கிறேன். மயானப் பெட்டிகளை வேனில் ஏற்றிப் போகிறவர் அவர். "கடவுள் துணையால்னு அர்த்தம்" என்று சொல்லியிருந்தார்.

பக்கத்துக்குப் பக்கம் கடவுள். அட்டையும் கிழிசல். மயானப் பெட்டியில் வைத்தேன்.

மிஸஸ் சில்பர் பக்கத்து அறையில்தான் இருந்தார். கதவு திறந்திருந்தது. பத்தடி தூரம். நான் போய்க் கேட்கவில்லை.

மறுநாள் வியாழன். லேசர் வந்து பெட்டிகளை ஏற்றினார். "மண்ணு இளகிடுச்சு. ஞாயித்துக்கிழமை காலைல புதைச்சிடுவோம்" என்றார்.

3. வெள்ளிக்கிழமை

வெள்ளியன்று இரண்டு மணிக்கே பூட்டிவிடுவோம். இரண்டுக்குக் கால் மணி இருக்கும்போது போன் அடித்தது. மிஸஸ் ப்ளூமா.

"மிஸ்டர் சுந்தரம், எங்க ஊர்க்காரங்க சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். ஒரு மினிட்ஸ் நோட்டு இருக்குமே, கறுப்பு அட்டை? கடைசியில, போர்ல அழிஞ்ச எங்க ஊரை எழுதி வச்சிருக்கார். வீடு வீடா, யார் யார் இருந்தாங்கன்னு. இருபது வருஷமா அந்தப் பக்கத்தை நான் திறக்கல. அவர் திறன்னு சொன்னதும் இல்ல. இப்ப திறக்கணும்னு இருக்கு. திங்கட்கிழமை வரட்டுமா?"

"எலி கடிச்ச மூலையா?" என்று கேட்டுவிட்டேன்.

"அதேதான்! அப்ப பார்த்திருக்கீங்க!" குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "என் தங்கச்சி பேரு அதுல மட்டும்தான் இருக்கு. போட்டோகூடக் கிடையாது."

"வாங்க" என்றேன். நோட்டு மயானத்துக்குப் போய்விட்டதைச் சொல்லாமல் போனை வைத்தேன்.

லேசருக்கு போன் செய்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு மணிக்கே கிளம்பிப்போன மிஸஸ் சில்பருக்குச் செய்தேன். அங்கும் யாரும் எடுக்கவில்லை. சாயங்காலம் அவர்களுடைய ஓய்வுநாளான சபாத் தொடங்கிவிடும். சனிக்கிழமை பொழுது சாயும்வரை அவர்கள் போனைத் தொடமாட்டார்கள். கார் ஓட்டமாட்டார்கள், மண்வெட்டியையும் எடுக்கமாட்டார்கள் என்பது ஒன்றே ஆறுதல்.

சனிக்கிழமை முழுவதும் அறையில் உட்கார்ந்திருந்தேன். வேறு வேலை ஓடாமல் அப்பாவுக்குக் கடிதம் எழுதலாம் என்று தாளை எடுத்து, தலையில் பிள்ளையார் சுழி போட்டேன். பேனா அப்படியே நின்றுவிட்டது.

கல்யாணப் பத்திரிகை முதல் மளிகைச் சீட்டு வரை நாங்கள் சுழி போடாமல் எழுதுவதில்லை. அதற்காக மளிகைச் சீட்டை யாராவது பூஜையில் வைப்பார்களா? அந்தச் செயலாளர் போட்டதும் அதுதான். வேறு எவனுக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பொழுது சாய்ந்ததும் இரண்டு பேருக்கும் மறுபடி போன் செய்தேன், யாரும் எடுக்கவில்லை. கணேசனிடம் சொன்னபோது முதலில் சிரித்தான். "உன் கணக்குப்படி எங்கம்மா அனுப்புற ஊறுகாய் பார்சலையும் புதைக்கணும்டா. அதுலயும் சுழி இருக்கு." என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினான். "காலைல முதல் பஸ்ஸைப் பிடி" என்றான்.

4. மயானம்

பஸ்ஸை விட்டு இறங்கி, உருகிய பனியில் கால் புதையப் புதைய நடந்தேன். லேசரும் குழிவெட்டும் ரெயாலும் முன்பே வந்துவிட்டார்கள். பதினொரு பெட்டிகள் கயிறு கட்டி வரிசையாக இருந்தன. குழி முழங்கால் ஆழம்தான் போயிருந்தது. அதற்குக் கீழே இன்னும் உறைந்த மண். ரெயால் கடப்பாரையால் இடித்துக்கொண்டே பிரெஞ்சில் திட்டிக்கொண்டிருந்தார். அந்த உறைமண்ணை நான் மனதுக்குள் கும்பிட்டேன்.

விஷயத்தைச் சொன்னேன்.

"படிப்பேன்னு சொன்னியே?" என்றார் லேசர்.

"எழுத்து படிப்பேன். கையெழுத்து தெரியாது. அர்த்தமும் தெரியாது."

"கேட்டிருக்கலாமே?"

"வெக்கமா இருந்தது."

 லேசர் பாக்கெட்டிலிருந்து கத்தியை எடுத்து முதல் பெட்டியின் கயிற்றை அறுத்தார். "என்ன, நிக்கிறியே? தேடு."

ஏழாவது பெட்டியில் கறுப்பு ஆயில்துணி தெரிந்தது. லேசர் வாங்கிப் பிரித்து, நின்றபடியே படித்தார். திடீரென்று வாய்விட்டுச் சிரித்தார். "வருஷாந்திர விருந்துல ஹெர்ரிங் மீன்ல உப்பு ஜாஸ்தின்னு மூணு பக்கம் சண்டை! இதைப் புதைச்சிருந்தா கடவுளே திருப்பி அனுப்பியிருப்பார்."

அப்புறம் கடைசிப் பக்கங்களுக்குப் போனார். சிரிப்பு நின்றது. கையுறையைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு தாளாகத் திருப்பினார்.

"கதவு கதவாப் போறார்" என்று மட்டும் சொன்னார்.

மற்ற பெட்டிகளைத் திரும்பக் கட்டிவைத்தேன். ரெயாலிடம் கடப்பாரையைக் கேட்டேன். "மெர்சி" என்று நன்றி சொல்லி, சிகரெட் பற்ற வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிற்பகல்வரை மூவரும் மாற்றி மாற்றி வெட்டிப் பத்துப் பெட்டிகளை முழுதாகவும் ஏழாவதை அந்த ஒரு நோட்டு இல்லாமலும் மண்ணில் வைத்தோம்.

5. திங்கள்

மிஸஸ் சில்பரிடம் காலையிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன்.

"ரெண்டு பெட்டி மட்டும் வச்சது என் தப்பு. பத்தடி நடக்காதது உங்க தப்பு" என்றார்.

மிஸஸ் ப்ளூமா வந்தார். நோட்டை மேஜைமேல் வைத்தேன். அவர் அட்டையைத் தடவிக்கொண்டே இருந்தார், திறக்கவில்லை. "நீங்க படிக்கிறீங்களா?" என்று என்னைக் கேட்டார். நான் படிப்பேன் என்று பெருமையடித்ததை அவரும் கேட்டிருக்கிறார்.

"எனக்குத் தெரியாது" என்றேன். சொன்ன பிறகு அது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

"அப்ப பக்கத்துல உட்காருங்க. நானே படிக்கிறேன்."

படித்தார். மிஸஸ் சில்பர் எனக்காக மெதுவாக ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தார். ரொட்டிக்கடை, தச்சர் வீடு, கிணறு. கிணற்றைத் தாண்டி நான்காவது வீட்டில் மிஸஸ் ப்ளூமா நிறுத்தி, தங்கையின் பெயரை வாசித்தார். "ஃபெய்கெலே. பன்னிரண்டு வயசு. நல்லாப் பாடுவா."

 சட்டென்று அவர் நிமிர்ந்தார். "பதிமூணு! தப்பா எழுதியிருக்கார். பென்சில் கொடுங்க!"

"நோட்டுல எழுதக்கூடாது" என்று மிஸஸ் சில்பர் ஒரு துண்டுத்தாளை நீட்டினார். "இதுல எழுதுங்க. அந்தப் பக்கத்துலயே வச்சிடுவோம்."

மிஸஸ் ப்ளூமா எழுதினார். வயதைத் திருத்தினார். தங்கை எந்தப் பாட்டைப் பாடுவாள் என்று எழுதினார். இடம் போதாமல் இன்னொரு தாள் கேட்டார். அடுத்த வாரம் அதே ஊர்க்காரர் ஒருவரை அழைத்து வந்தார். அந்த மனிதர் வாசலிலேயே ரொட்டிக்கடை தெருவின் எந்தப் பக்கம் இருந்தது என்று சண்டையை ஆரம்பித்தார். இப்போது துண்டுத்தாள்கள் நோட்டைவிடக் கனமாக, தனி ஃபைலாகிவிட்டன.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலமே மேஜைக்குக் கீழே மூன்றாவது பெட்டி ஒன்றை வைத்தேன். 'தெரியாது' என்று தமிழில் பெரிதாக எழுதினேன். ஆங்கிலத்தில் எழுத அப்போதும் கொஞ்சம் வெட்கம். ஐந்து வருடமாக அது அங்கேயே இருக்கிறது. அர்த்தம் கேட்ட எல்லாருக்கும் சொன்னேன். இப்போது மிஸஸ் சில்பரே, "மிஸ்டர் சுந்தரம், இதைத் தெரியாதுல போடுங்க" என்கிறார்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். உங்களுக்குத் தெரியாததை முதல் இரண்டு பெட்டிகளில் போடாதீர்கள். பத்தடி நடந்து கேளுங்கள். கேட்க ஆள் இல்லையென்றால் மூன்றாவதில் போடுங்கள். அது நிரம்புகிறதே என்று கூச்சப்பட வேண்டாம். திங்கட்கிழமைதோறும் காலையில் மிஸஸ் ப்ளூமா அதில் இருப்பதைப் படித்துச் சொல்ல வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், முதலில் அந்தப் பெட்டியைத்தான் கேட்கிறார்.