செகந்திராபாதில் எனக்குக் கிடைத்த கணவர்

1974, ஜூன் மாதத்து ஒரு திங்கட்கிழமை. மதராஸிலிருந்து சுமார் எண்ணூறு கிலோமீட்டர் ஓடிவந்த ரயில், காலை எட்டே காலுக்கு என்னைச் செகந்திராபாதில் இறக்கிவிட்டது. கையில் ஒரு டிரங்குப் பெட்டி, தார்நாகாவில் ஓர் ஆராய்ச்சிக்கூட நூலகத்தில் வேலைக்குச் சேரும் உத்தரவு. நெற்றியில், ஆறு வருடம் கழித்து, ஒரு பொட்டு. காஸிப்பேட்டை தாண்டியதும் ரயில் கண்ணாடியில் பார்த்து வைத்துக்கொண்டேன். கும்பகோணத்தில் நான் எதிரே வந்தால் வந்த வழியே திரும்பிவிடுகிறவர்கள் உண்டு. கணவனை இழந்தவள் சகுனத்துக்கு ஆகாதாம். என்னைத் தெரியாத ஊர் வேண்டுமென்றுதான் விண்ணப்பம் போட்டு வந்தேன்.

மார்க்கெட்டுக்குப் பின்புறச் சந்துக்கு ஆட்டோ இரண்டு ரூபாய். ஓட்டுநர் கேட்ட ஒரே கேள்வி, பெட்டி கனமா என்பதுதான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

வீட்டுக்கார அம்மாளின் குடும்பம் வெள்ளைக்காரன் காலத்திலேயே வேலூரிலிருந்து வந்தது. பின்கட்டு அறைக்கு மாதம் எழுபது ரூபாய். தனியாகத்தான் இருப்பேன் என்றேன். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. அந்த அம்மாள் உள்ளே போய் ஒரு ஜோடி ஆண் செருப்பை எடுத்துவந்து என் வாசலில் வைத்தார்.

"தனின்னு வெளிய சொல்ல நக்கோம்மா, வேணாம். வீட்டுக்காரரு டூர்ல இருக்காருன்னு சொல்லிரு. முன்னாடி இருந்த ரெண்டு பொண்ணுங்களும் இப்படித்தான்."

கொடியில் பழைய சட்டை ஒன்றும் தயாராகத் தொங்கியது. அறையோடு ஒரு கணவரும் வாடகைக்கு உண்டு போலிருக்கிறது என்று சிரித்துக்கொண்டேன். சந்துப் பெண்கள் விசாரித்தபோது, அவருக்கு நாக்பூரில் வேலை என்று கூசாமல் அளந்துவிட்டேன்.

வியாழக்கிழமை, மாலை ஐந்தரை. வேலையிலிருந்து திரும்பினால், வீட்டுக்கார அம்மாள் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"என்கிட்டயே தனின்னியேம்மா. மத்தியானம் வந்தாரே உன் வீட்டுக்காரரு."

யார் என்றேன்.

"நல்ல ஒசரம். இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தாரு. தண்ணி வேணுமான்னேன், பேசல."

என் கணவருக்குச் சிறுவயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பியிருந்தது. அதை இந்த ஊரில் யாரிடமும் நான் சொன்னதில்லை. செருப்பைப் புரட்டிப் பார்த்தேன். இடது செருப்பின் முனை மட்டும் தேய்ந்திருந்தது. முன்பே தேய்ந்திருக்கலாம், நான் கவனித்திருக்கவில்லை. வெயில் இன்னும் இறங்கவில்லை, சந்தில் குழந்தைகள் தெலுங்கில் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் செருப்பைக் கீழே போட்டுவிட்டேன்.

அவர் நல்ல மனிதர். நாலு வருடம் குறையில்லாமல் வாழ்ந்தோம். ஆனாலும் அன்று பயத்தைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது. கும்பகோணத்தில் என்னைப் பார்த்தவர்களுக்குப் போய்விட்ட அவர்தான் தெரிந்தார். இங்கே வந்துவிட்ட அவர் தெரிகிறார். இரண்டு ஊரிலும் என்னை யாரும் பார்க்கவில்லை.

"அவர் செத்து ஆறு வருஷம் ஆச்சும்மா" என்றேன்.

அந்த அம்மாள் என் பொட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, சனிக்கிழமைக்குள் காலி செய்துவிடச் சொன்னார். குரலில் கோபம் இல்லை, நடுக்கம்தான் இருந்தது.

சனிக்கிழமை, காலை பத்து மணி. ஐந்து கிலோமீட்டர் தள்ளி, தார்நாகா. தெலுங்கு ஆசிரியை ஒருவர் மாடி அறையைத் திறந்து காட்டினார். ஊர், சாதி, கணவர் எதையும் கேட்கவில்லை. எத்தனை பேர் என்று மட்டும் ஆங்கிலத்தில் கேட்டார். நான் ஒருத்திதான் என்று சொல்வதற்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தேன். சொன்னேன். சொல்லுமுன், என்னை அறியாமல், படிக்கட்டில் யாராவது ஏறி வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.