அப்பாவின் பெயரில் இடியப்பம்

வெள்ளம் இன்னும் முழுதாக வடியவில்லை. அதற்குள் கனடாவில் இருக்கும் அண்ணன் பதாகை ஒன்றைச் செய்து வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டான். நடுவில் அப்பாவின் படம், சுற்றிவரத் தாமரைப் பூ, கீழே 'ஆண்டு நினைவை முன்னிட்டு வெள்ளத்தால் பாதிக்கப்பட்ட மக்களுக்கு மதிய போசனம்' என்று மஞ்சள் எழுத்து. எங்கள் பக்கத்தில் இது இப்போது வழக்கமாகிவிட்டது. வெளிநாட்டில் ஒரு பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றாலும், இங்கே ஒருவருக்குத் திவசம் என்றாலும், சோற்றுப் பார்சல் கட்டி, பதாகை பிடித்து, படம் எடுத்து அனுப்ப வேண்டும். நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். ஆனால் பதாகையின் நீள அகலத்தைப் பற்றி அவ்வளவு நேரம் கதைத்த அண்ணன், சாப்பிடப்போகிறவர்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அங்கேயே சூடேறிவிட்டது.

"முதல்ல நான் மூதூருக்குப் போய்ப் பார்த்திட்டு வாறன்," என்றேன்.

"பார்க்க என்ன இருக்கு? பசிக்குச் சோறுதானே வேணும்," என்றான்.

கிண்ணியாப் பக்கம் பாதையில் தண்ணீர் நின்றதால் திருகோணமலையில் இருந்து லாஞ்சிப் படகில் போனேன். மூதூர் எனக்குப் புதிதல்ல. அங்கே ஒரு கூட்டுறவுக் கடையில் பல வருஷம் வேலை பார்த்தவள் நான். அந்தக் காலத்தில் காலைச் சாப்பாடு எனக்கு இறங்குதுறைக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில்தான்: இடியப்பம், சொதி, சம்பல். அந்த இடியப்பத்தை வீட்டில் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பவர் ஒரு முஸ்லிம் அக்கா; ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். கணவர் போன பிறகு இடியப்பம் பிழியும் உரலை நம்பியே பிள்ளைகளை வளர்த்தவர். நான் வேலையை விட்ட பிறகும் எங்களுக்குள் கதை விட்டுப்போகவில்லை.

வீடு இழந்தவர்களை ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கவைத்திருந்தார்கள். தமிழ்ச் சனமும் முஸ்லிம் சனமும் பக்கத்துப் பக்கத்து வகுப்பறைகளில். நான் போய்ச் சேர்ந்தது மத்தியானம். வாசலில் பார்சல் ஏற்றிய வாகனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. எல்லாருக்கும் மத்தியானம்தான் தோதான நேரம். வெளிச்சம் இருக்கும், படம் நன்றாக வரும், பொழுதுபட முன் வீட்டுக்குத் திரும்பலாம். ஒரே ஆளின் கையில் மூன்று நான்கு பார்சல் இருந்தது. பின்வளவில் முதல்நாள் சோற்றைக் குழி வெட்டிப் புதைத்துக்கொண்டிருந்தார்கள். "காலமைக்கு என்ன சாப்பிடுறனீங்கள்?" என்று ஒரு தாயைக் கேட்டேன். "காலமையில ஆர் வாறது? பிள்ளைகளுக்கு விசுக்கோத்துதான்," என்றாள்.

அங்கிருந்து ராத்தாவின் வீட்டுக்குப் போனேன். வீட்டுக்குள் சேறு இடுப்பளவுக்கு அடையாளம் வைத்திருந்தது. உரலை மட்டும் கூரை வளையில் கட்டிக் காப்பாற்றிவிட்டார். தட்டுகளில் பூஞ்சணம் பிடித்திருந்தது, மா முழுவதும் புளித்துப்போயிருந்தது. கிணற்றை எட்டிப் பார்த்தேன். தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர், செத்த எலியின் நாற்றம். வாசலில் ஆரோ கொடுத்துவிட்டுப் போன தண்ணீர்ப் போத்தல்கள் அடுக்கியபடி இருந்தன.

"குடிக்கத் தண்ணி தாறாங்க தங்கச்சி, அல்லாஹ் அவங்களுக்கு நல்லதக் குடுக்கட்டும்," என்றார் ராத்தா. "ஆனா மாக் குழைக்க, தட்டுக் கழுவ, சட்டி வைக்க நான் எங்க போற? போத்தலை உடைச்சு ஊத்தியா அவிக்கிற?"

"கடைக்காரர் என்ன சொல்லுறாங்கள்?"

ராத்தா ஒரு தட்டை எடுத்தார். தட்டில் இருந்த பூஞ்சணத்தைச் சுரண்டிக்கொண்டே சொன்னார். "சும்மா சோறு வரக்குள்ள காசு குடுத்து ஆர் சாப்பிடுற? வாற ஒண்டு ரெண்டு பேருக்கு இப்ப பேக்கரியில பாண் எடுத்து வைக்கிறாங்க. சனம் பாணுக்குப் பழகிட்டா, பிறகு என்னை ஆர் தேடுவாங்க?"

அவர் அழவில்லை. அதனால்தான் எனக்கு அதிகமாக வலித்தது. வெள்ளம் அவருடைய வீட்டை நனைத்தது. தொழிலைக் கழுவிக்கொண்டு போகப் பார்த்தது எங்களுடைய பார்சல்கள். அதில் அப்பாவின் படமும் போய்ச் சேர வேண்டுமா? லாஞ்சியில் திரும்பி வரும்போதே முடிவெடுத்துவிட்டேன். அப்பாவின் பெயரில் மூதூரில் இடியப்பம் வாங்குவது. வாங்குவதற்கு முதலில் கிணறு இறைப்பது.

அடுத்த நாள் காலையில் அண்ணனைப் பிடித்தேன். அவனுக்கு அங்கே இரவுச் சாப்பாடு முடிந்த நேரம்.

"கிணறு இறைக்கிறதோ? அப்ப அப்பான்ர படத்தை எங்க பிடிக்கிறது, கிணத்துக்குள்ளயோ?" என்று கேட்டான்.

"அப்பா அதுக்குள்ள இறங்கி நிண்டு சிரிப்பார். பதாகையைப் பார்த்தாத்தான் ஏசுவார்."

"பகிடி விடாத. இஞ்ச கூட வேலை செய்யிற ஆக்களும் காசு தந்திருக்கினம். சனத்துக்குக் குடுத்ததெண்டு காட்ட வேணும். ஒரு மனுசியிட்டக் காசைக் குடுத்தனெண்டு சொல்ல ஏலாது."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால் குரலைத் தணித்து, விளங்கப்படுத்தினேன். காசு ராத்தாவுக்குச் சும்மா போகவில்லை. பள்ளிக்கூடத்தில் இருக்கிற சனத்துக்குக் காலைச் சாப்பாடு கிடைக்கும், அதை ஒருவரும் கொடுப்பதில்லை. கிணறு அந்த ஒழுங்கையில் உள்ள எல்லா வீட்டுக்கும் பொது. மா மூதூர்க் கடையில் வாங்குவோம், விறகும் அங்கேயே. ஒரே காசு ஒரே ஊருக்குள் இரண்டு மூன்று கை மாறும். திருகோணமலையில் சமைத்துக் கொண்டுபோனால், சோறு மட்டும்தான் மூதூருக்கு, காசு எல்லாம் இங்கே.

அண்ணன் இன்னும் இழுத்தான். "நீ அனுப்பாட்டி என்ர காப்பை அடகு வைப்பன்," என்றேன். நான் சொன்னால் செய்கிறவள் என்று அவனுக்குத் தெரியும். "காப்பைத் தொடாத. அனுப்புறன்," என்று முறைப்பாகச் சொல்லி வைத்தான்.

கிணறு இறைக்கிறவர் பம்போடு வந்தார். ஒரே மூச்சில் இறைத்து முடியுங்கள் என்று நான் நெருக்கினேன். வெளி மண் ஈரமாய் இருக்கும்போது ஒரேயடியாக இறைத்தால் கிணற்று வளையம் இடிந்து விழும் என்று மெதுவாகத்தான் இறைத்தார். அவர் ஆறுதலாகப் பீடி பற்றவைக்கும் ஒவ்வொரு முறையும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டு ஒழுங்கைப் பெண்களோடு சேர்ந்து சேறு அள்ளினேன். சுகாதாரப் பரிசோதகர் வந்து குளோரின் போட்டு, பாவிக்கலாம் என்று சொன்ன அன்று, ராத்தா ஒரு வாளி அள்ளி முதலில் உரலைத்தான் கழுவினார்.

விலை பேசும்போது எங்களுக்குள் சண்டையே வந்தது. நான் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கப் பார்த்தேன். "கடைக்குக் குடுக்கிற விலைதான் உங்களுக்கும். கூடத் தந்தா அது தருமம்," என்று மறுத்துவிட்டார். கொஞ்சம் பொறுத்து அவரே கேட்டார். "வாப்பாட திவசமெல்லோ? சம்பலுக்கு மாசிக் கருவாடு போடவா, வாணாமா?" அண்ணன்கூட அதைக் கேட்கவில்லை. வேண்டாம், திவசத்துக்கு மரக்கறிதான் என்றேன்.

பக்கத்து வீட்டுப் பெண்களும் கூலிக்குப் பிழிய வந்தார்கள். ஒவ்வொரு விடியலிலும் ஆவி பறக்கப் பள்ளிக்கூடத்துக்கு இடியப்பம் போனது. திவசத்தன்று நானும் லாஞ்சியில் போய், பிள்ளைகளுக்குச் சொதி ஊற்றினேன். பதாகை கட்டவில்லை. ராத்தாவின் அடுப்பையும், வரிசையாக அடுக்கிய தட்டுகளையும், சம்பல் கிண்ணத்தையும் படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். ஏசப் போகிறான் என்றுதான் நினைத்தேன். "சம்பல் நல்ல சிவப்பாக் கிடக்கு. அப்பாவுக்கு உறைப்பெண்டாப் போதும்," என்று மட்டும் எழுதினான். அடுத்த கிழமைக்கும் காசு வந்தது.

பள்ளிக்கூடத்துச் சனம் மெல்ல மெல்ல வீடுகளுக்குத் திரும்பத் தொடங்கியது. மத்தியான வாகனங்களும் குறைந்துபோயின. இனி எத்தனை பேருக்கு என்று கேட்பதற்காக ஒரு காலையில் ராத்தாவுக்கு அழைத்தேன். பின்னால் ஆரோ அவசரப்படுத்தும் சத்தம், தட்டு உரசும் சத்தம்.

"தங்கச்சி, நாளைக்கு உங்களுக்குத் தர ஏலாது," என்றார்.

"ஏன் ராத்தா? என்ன நடந்தது?"

"முகாமில சாப்பிட்ட சனம் இப்ப கடையில வந்து பாண் வாணாம், இடியப்பம் எங்க எண்டு கேக்குதாம். துறையடிக் கடை, சந்திக் கடை எல்லாரும் திரும்ப வந்திட்டாங்க. அவங்களுக்கே பிழிஞ்சு முடியல. கோவிக்காதீங்க."

கோபமா? கதிரையில் இருந்து எழும்பி நின்றுவிட்டேன். என் வாழ்க்கையில் ஒருவர் எனக்கு இல்லை என்று சொல்லி நான் இவ்வளவு சந்தோசப்பட்டதில்லை. உடனே அண்ணனுக்கு எடுத்துச் சொன்னேன். அவன் கேட்டான்.

"அப்ப, வேற ஆரின்ர கிணறு இறைக்கக் கிடக்கு?"