ஆமாம் போடும் கழுத்து

அட்டைப்பெட்டி ஆலையில் அவருக்குத் தலையாட்டி என்றே பேர். யார் என்ன சொன்னாலும் ஆட்டுவார். மாட்டேன் என்றால் எதிராளி முகம் சுருங்குமே, அதை நினைத்தாலே அவருக்குக் குலைநடுக்கம். சின்ன வயசில் அப்பா முகம் சுருங்கினால் அடுத்தது அடிதான். அப்பா போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாகியும், அந்தச் சேதி இவர் கழுத்துக்கு மட்டும் இன்னும் போய்ச் சேரவில்லை.

அன்று காலையில்கூட மனைவி, "என் தம்பி வேலைக்குப் புதுசு. கொஞ்சம் பாத்துக்கோங்க," என்றாள். ஆட்டினார். "காதுல வாங்கித்தான் ஆட்டுறீங்களா?" அதற்கும் ஆட்டினார்!

அட்டை வெட்டும் எந்திரத்தில் அவருக்குக் காவல் வேலை. அட்டை சிக்கினால் எந்திரத்தை நிறுத்திவிட்டு ஒருத்தன் கத்திக்கு அடியில் கைவிட்டு எடுப்பான். சுவிட்ச் இருப்பது மறுகோடியில். சுவிட்ச்காரனுக்கு உள்ளே போன கை தெரியாது, இவர் முகம்தான் தெரியும். மற்ற எந்திரங்களின் இரைச்சலில் கத்தினாலும் கேட்காது. அதனால் இவர் தலையாட்டினால் அவன் சுவிட்சைப் போடுவான். போயும் போயும் இந்த ஆளை அந்த வேலைக்கு வைத்த புண்ணியவான்களை என்னவென்று சொல்ல!

மதியம் அட்டை சிக்கியது. மச்சினன் முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான். பின்னால் வந்து நின்ற மேனேஜர் இவர் காதோடு வாய்வைத்து, "இன்னிக்குள்ள முடிஞ்சிடும்ல?" என்றார்.

கழுத்து கிளம்பிவிட்டது. தாடை இறங்குவது அவருக்கே தெரிந்தது. எதிர்க்கோடியில் சுவிட்ச்காரன் கண் கொட்டாமல் பார்க்கிறான். ஐயோ! இரண்டு கையாலும் தன் தலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"உன்னைத்தான்யா கேக்கறேன். முடியுமா, முடியாதா?" மேனேஜரின் முகம் சுருங்கியது. அச்சு அசல் அப்பாவின் முகம். ஆனாலும் தலையை விடவில்லை. "அவ்வளவு திமிரா?" என்று மேனேஜர் விடுவிடுவென்று போய்விட்டார். வேலை போனாலும் போகட்டும், மச்சினன் கை தப்பியதே என்று நினைத்தார்.

மச்சினன் கசங்கிய அட்டையோடு கையை உருவினான். இவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தலையை விட்டார்.

அவன் மிச்சத் துண்டை எடுக்க மறுபடி கையை நீட்டிக்கொண்டே, இவர் பக்கம் சாய்ந்து, "என்ன மாமா, தலைவலியா?" என்று சிரித்தான்.

ஆட்டினார்.

கத்தி இறங்கியது. நூலிழையில் கையை இழுத்துக்கொண்டான். முதலில் தன் விரல்களைப் பார்த்தான், பிறகு மாமாவைப் பார்த்தான்.

"வேணும்னுதான் செஞ்சீங்களா?"

ஓடுகிற கத்தியின் இரைச்சலில் அவருக்கு ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை. அவன் முகம் சுருங்கியது மட்டும் தெரிந்தது. மாமா தலையாட்டினார்.