சலூன்காரரின் எலுமிச்சை

"பையைக் காட்டுங்க."

சலூன்காரர் சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டுகிறார். சீப்பு மட்டும்தான். கால்சட்டைப் பையில் கைக்குட்டை. திருப்தியான பிறகே மனைவி பின்கதவின் தாழ்ப்பாளை நீக்கி வழிவிடுகிறாள். கோடை தொடங்கியதிலிருந்து தினமும் காலையில் இந்தச் சோதனை நடக்கிறது.

குற்றம் அவருடையதுதான். முன்னால் சலூன், நடுவில் வீடு, பின்னால் கையகலத் தோட்டம். ஓர் இலை வரிசை மீறி நீண்டிருந்தாலும் அவருக்குக் கை அரிக்கும். தக்காளிச் செடிக்குக் கிருதா ஒதுக்குவார். செம்பருத்திக்குப் பின்கழுத்தைச் சுத்தம் செய்வார். பெரிய தொட்டியில் நிற்கும் எலுமிச்சையை வருஷாவருஷம் பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் தலைபோல உருட்டி வெட்டிவிட்டு, தள்ளி நின்று ரசிப்பார். அது ஒருமுறைகூடப் பூத்ததில்லை.

"தொட்டியில வச்சா காய்க்காதும்மா" என்று மனைவியைச் சமாதானப்படுத்தி வந்தவர், நுனிக்கிளையில்தான் பூ வரும் என்று நாற்றுக்கடைக்காரி போகிறபோக்கில் சொன்ன அன்று மாட்டிக்கொண்டார்.

"அட பாவி மனுஷா! வர்ற பூவையெல்லாம் முடியோட முடியா கூட்டி அள்ளியிருக்கீங்களே!"

அன்றோடு தோட்டத்துக்குள் கத்தரிக்கோலுக்குத் தடை.

இந்த வருஷம் செடி இஷ்டத்துக்கு வளர்ந்தது, பூத்தது, பட்டாணி அளவில் பிஞ்சும் விட்டது. "தலைவிரிகோலமா நிக்குது, பாக்கவே சகிக்கல" என்று புலம்பினாலும், வெயில் தாழ்ந்ததும் வேருக்குத் தண்ணீர் விடுவதும், ஈரம் போகாமல் மண்ணின்மேல் சருகு பரப்புவதும் அவர்தான்.

வெயில் உச்சிக்கு ஏறிய ஒரு நண்பகலில், கணக்கு வாத்தியாரின் தலையில் பாதி வேலை முடிந்திருந்தபோது, உள்ளேயிருந்து மனைவி கத்தினாள்: "எலுமிச்சை வாடுதுங்க! பிஞ்செல்லாம் உதிருது!"

வாத்தியாரின் கழுத்தைச் சுற்றியிருந்த வெள்ளைத் துணியை உருவிக்கொண்டு ஓடினார் சலூன்காரர்.

"யோவ், என் தலை!"

"அது எங்கயும் ஓடிப்போயிடாது சார். நீங்களும் வந்து ஒரு கை பிடிங்க!"

நிழலுக்கு நகர்த்த மூவரும் சேர்ந்து தள்ளியும் தொட்டி அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில் கம்புகள் நட்டு, துணியைப் பந்தலாக இழுத்துக் கட்டினார்கள். ஒரு பக்கம் காடும் ஒரு பக்கம் கட்டாந்தரையுமான தலையோடு வாத்தியார் முடிச்சுப் போட்டார்.

அதன்பின் வந்தவர்களுக்கெல்லாம் வெறும் துண்டுதான்.

"துணி எங்கப்பா?"

"உள்ள ஒரு கஸ்டமருக்குப் போர்த்தியிருக்கேன்."

சுருண்ட இலைகள் மெல்ல விரிந்தன. பிஞ்சுகள்தான் நிற்கவில்லை. ஒருநாள் சாயங்காலம், உதிர்ந்து கிடந்தவற்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு மனைவி படியில் உட்கார்ந்தாள். "போச்சு, விடுங்க. இனிமே வேணும்னா வெட்டிக்குங்க."

எத்தனை நாள் ஏங்கிய அனுமதி! கத்தரிக்கோலோடு போனவர், முடியைப் பிடிப்பதுபோல இரண்டு விரலிடையே ஒரு கிளையை எடுத்துத் தூக்கினார். அப்படியே நின்றார். கத்தரிக்கோலை மடக்கிப் பையில் போட்டார்.

"இங்க வந்து பாரேன்!"

"இந்த முழங்காலை வச்சுக்கிட்டு அந்தச் சந்துக்குள்ள நான் எங்க நுழையறது?"

சலூனுக்கு ஓடிப்போய்க் கைக்கண்ணாடியோடு வந்தார். சுவருக்கும் செடிக்கும் நடுவில் ஒடுங்கி நின்று, அதைச் செடியின் பின்பக்கம் பிடித்தார். கண்ணாடிக்குள், இலைகளின் மறைவில், பச்சைப்பசேலென்று ஒரு காய். மனைவி எம்பிக் கழுத்தை நீட்டினாள்.

அவர் பழக்கதோஷத்தில் கண்ணாடியை இப்படியும் அப்படியும் சாய்த்துக் காட்டி, "பின்னாடி சரியா இருக்கா, பாத்துக்குங்க" என்றார்.