சக்கரத்தைத் தாண்டி வந்த தண்ணீர்

தாராவியில் என் கணவர் வேலை பார்த்த பட்டறையை மூடிவிட்ட வருடம் அது. நான் இட்லி மாவு அரைத்து விற்றுக்கொண்டிருந்தேன். அவர் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். கொஞ்சம் மனம் மாறட்டும் என்று, மலையடிவாரத்துக் கோபோலியில் நீர்மின் நிலையத்தில் வேலை பார்த்த என் தம்பி வீட்டுக்கு அவரை அழைத்துப் போனேன்.

மேலே அணை. அங்கிருந்து பெரிய குழாய்களில் இறங்கும் தண்ணீர் சக்கரங்களைச் சுழற்றும். அந்தச் சுழற்சியில் பிறக்கும் மின்சாரம் கம்பி வழியே மும்பைக்குப் போகும். சக்கரத்தைத் தாண்டிய தண்ணீர் ஆறாக ஓடியது. நான் கால் நனைத்தேன். அந்தக் குளிர்ச்சி இன்னும் நினைவிருக்கிறது. அவர் இறங்கவில்லை.

"ஏட்டி, இது கரண்டு எடுத்த தண்ணி. சத்தெல்லாம் போயிருக்கும், என்னைய மாதிரி" என்றார்.

தம்பி சிரிக்கவில்லை.

"தண்ணியில இருந்து ஒண்ணும் எடுக்கல அத்தான். மேல இருந்து விழுத வேகத்தைத்தான் வாங்கிக்கிடுதோம். இதைத்தான் கீழ உள்ள ஊர்க்காரங்க குடிக்காங்க, வயலுக்கும் பாய்ச்சுதாங்க."

அவர் ஆற்றில் இறங்கினார். பிறகு குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்தார்.

தாராவிக்குத் திரும்பிய மறுநாள் காலை, மாவுத் தூக்கைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பக்கத்து மாட்டுங்காவுக்கு விற்க அவரே கிளம்பினார்.

"சட்னியும் அரைச்சு வைய்யி, சேத்து விப்போம்" என்றார்.

இப்போது அவர் இல்லை. கிரைண்டரைப் போடும்போது சில நாள் எனக்கும் சத்தெல்லாம் போய்விட்டதுபோல இருக்கும். அப்போது மாவுக்கு வைத்த தண்ணீரில் ஒரு கை அள்ளிக் குடித்துக்கொள்கிறேன்.